கால், அரை, முக்கால்: பழைய மாணவிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்மிணிக்கு,

கோபியில் உங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரத் தொடங்கியிருக்கிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துபோனது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பின்னத்தைக் கூட்டத் தெரியாமல் வந்து நிற்கிறான், 35 மதிப்பெண் வாங்கினால் போதும் என்று அவன் வீட்டில் சொல்கிறார்கள், இதில் நமக்கு என்ன நிறைவு கிடைத்துவிடும் என்று கேட்டிருந்தாய்.

நீ ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் வந்த முதல் நாளைச் சொல்கிறேன். இடது கையால் நோட்டை மறைத்துக்கொண்டே எழுதினாய். ரப்பரால் அழித்து அழித்துத் தாள் நைந்திருந்த இடத்தில் 1/2 + 1/4 = 2/6 என்று இருந்தது. மேலே இருந்ததை மேலோடும் கீழே இருந்ததைக் கீழோடும் கூட்டியிருந்தாய். விதியை மறுபடியும் சொல்லியிருக்கலாம். ஆனால் அதை நீ பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். ஆகவே உங்கள் தோட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அரை ஏக்கரில் மஞ்சள் போட்டிருக்கிறீர்கள், பக்கத்தில் இன்னும் கால் ஏக்கரில் போட்டால் மொத்தம் எத்தனை சென்ட் என்றதும், யோசிக்காமல் "எழுபத்தஞ்சு சென்ட்டுங்க" என்றாய். ஏக்கருக்கு 100 சென்ட் என்பது உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதாக இல்லை. உன் நோட்டில் இருக்கும் 2/6 ஏக்கர் 33 சென்ட்டுச் சொச்சம்தானே, நிலத்தைச் சேர்த்த பிறகு முன்பிருந்த ஐம்பதும் குறைந்துபோகுமா என்று கேட்டேன்.

நீ நோட்டின் மீதிருந்து கையை எடுத்தாய். வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்திருந்துவிட்டு, "அரைன்னா ரெண்டு காலுங்க, அதோட இன்னொரு கால்... முக்காலுங்களா சார்?" என்றாய்.

மூன்று கால்தான் முக்கால் என்று நம் மொழியே சொல்லி வைத்திருக்கிறது. காலில் பாதி அரைக்கால், 1/8. அதிலும் பாதி, உன் அப்பாரு வாயில் நீ கேட்டிருக்கக்கூடிய வீசம், 1/16. சிறுவயதிலிருந்து காதில் விழுந்த இந்தச் சொற்களுக்கும் கரும்பலகையில் கண்ட எண்களுக்கும் உறவு உண்டென்று தெரியாததுதான் உன் தடையாக இருந்தது. வங்கியில் இருந்த காலமெல்லாம் பிறருடைய கணக்கைச் சரிபார்த்திருக்கிறேன். அன்று மாலை வீட்டுக்குள் போனபோது இருந்த நிறைவு அந்த வேலையில் ஒருநாளும் எனக்குக் கிடைத்ததில்லை. இன்றும் நான் திண்ணையில் உட்காருவது அதற்காகத்தான்.

ராமானுஜன் 1887இல் ஈரோட்டில் பிறந்தார் என்பதைச் சொல்லி, அந்த மண்ணில் பிறந்துமா உனக்குக் கணக்கு வரவில்லை என்று பிள்ளைகளைக் கேட்பவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். நீ அப்படி ஒருபோதும் கேட்டுவிடாதே. கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தவறி, கிடைத்துவந்த உதவித்தொகையை இழந்தவர் அவர்.

அந்தப் பையனிடம் முதல் சில வாரங்களுக்குப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்காதே. அவன் கணக்கு எந்த வகுப்பில் நின்றுபோனது என்று தேடு. நான்காம் வகுப்பில் நின்றிருந்தால் அங்கிருந்தே தொடங்கு. அவனிடமிருந்து ரப்பரை வாங்கி வைத்துக்கொள். தவறாகப் போட்டதை ஒரு கோடு மட்டும் கிழித்து, அப்படியே விட்டுவிடச் சொல். பொங்கலுக்கு இங்கே வரும்போது அவனிடம் கேட்டு அந்த நோட்டைக் கொண்டுவா; அவன் எங்கே தடுமாறினான் என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய கணக்கு சார்