பதினோரு ‘கூடாது’

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து,
ஐப்பசி 5

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாதான் நாலு நாளாக வீட்டில் இல்லை. குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, தார்ப்பாயும் கையுமாக அங்கேயே காவல் கிடக்கிறார். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுப்பதில்லை. வானமோ சாயங்காலமானால் இருட்டிக்கொண்டு வருகிறது.

பிள்ளைகள் செல்போன், கம்ப்யூட்டர் பயன்படுத்துவதற்கு விதி எழுதும் வேலையை ஓசூரில் உங்கள் பள்ளியில் உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாயே, இரண்டு தடவை படித்தேன். மொத்தம் பன்னிரண்டு விதி. பதினொன்று ‘கூடாது’ என்று முடிகிறது. மிச்சம் ஒன்று, ‘மீறினால் பெற்றோர் வரவழைக்கப்படுவர்’. போனில் சொல்லலாம் என்றால் பாதியில் உன் மகள் போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் கடுதாசி.

நான் டீச்சர் இல்லை. பிள்ளைகள் ‘சத்துணவு டீச்சர்’ என்று கூப்பிடுவதோடு சரி. ஆனால் 29 வருஷமாகச் சமையலறை வாசலில் நிற்கிறவள். வகுப்பில் சொல்லாததைப் பிள்ளைகள் தட்டோடு வந்து இங்கேதான் சொல்லும்.

போன மாதம் ஒரு பையன். ஏழாவது படிக்கிறான், பெயர் வேண்டாம். எல்லோரும் தட்டுக் கழுவப் போய்விட்டார்கள். இவன் மட்டும் உரித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தூணோரமாக நிற்கிறான். உருட்டி உருட்டி முட்டையே கறுத்துப்போய்விட்டது. “டீச்சர், போன்ல போன காசு திரும்ப வருமா?” என்றான்.

உட்கார வைத்துக் கேட்டேன். போன் விளையாட்டில் பழக்கமான யாரோ ஒருவன், ‘விளையாட்டுக்கு வேண்டிய டைமண்ட் சும்மா தருகிறேன், இந்த லிங்கைத் தொட்டு யுபிஐ பின் நம்பரைப் போடு’ என்றிருக்கிறான். அப்பா உரக்கடையில் அழுத்துவதைப் பார்த்துப் பார்த்துப் பின் நம்பர் இவனுக்கு மனப்பாடம். சம்பாவுக்கு அடியுரம் வாங்க வைத்திருந்ததில் 3,800 ரூபாய் போய்விட்டது. அது நடந்து ஒன்பது நாள். அந்த மனுஷர் பேங்கில் ஏதோ பிடித்துக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஏன்டா அன்றைக்கே சொல்லவில்லை என்றால், அன்று போனைப் பைக்குள் ஒளித்துப் பள்ளிக்குக் கொண்டுவந்திருக்கிறான். அது தெரிந்தால் டிசி கொடுத்துவிடுவார்களாம். பள்ளிக்குப் போன் கொண்டுவரக்கூடாது என்கிற விதிக்குப் பயந்து, பணம் போனதை மூடிவிட்டான். அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்திருந்தால், பணம் கைமாறுவதற்குள் அந்தக் கணக்கை நிறுத்திவைக்க வழி இருந்தது. நாங்கள் ஒன்பது நாள் கழித்துச் செய்தோம். புகார் எண் வந்தது, பணம் வரவில்லை.

அதனால் உன் பட்டியலில் முதல் விதி இப்படி இருக்கட்டும்: என்ன நடந்தாலும் அன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல்லிவிடு, சொன்னவருக்குத் தண்டனை கிடையாது. உங்கள் தலைமையாசிரியை ஒத்துக்கொள்ள மாட்டார், பயம் விட்டுப்போகும் என்பார். நீ விடாதே. யாராவது ஒரு பெண்ணின் படத்தை வெட்டி ஒட்டி மிரட்டினால் அவள் யாரிடம் போவாள் என்று அவரிடமே கேள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417, அந்த 1930 மூன்றையும் பெரிதாக எழுதிப்போடு. ஆபீஸ் ரூமில் வேண்டாம், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் எழுது. அங்கே நின்று படித்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று, போனில் நமக்குப் பணம் வர அந்த பின் நம்பர் தேவையே இல்லை, நாம் கொடுப்பதற்குத்தான் வேண்டும். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். இதையும் சேர்த்துக்கொள்.

வகுப்பில் போன் வேண்டாம் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆஸ்திரேலியாவில் 16 வயது ஆகாத பிள்ளைகளுக்கு இன்ஸ்டாகிராம் மாதிரிக் கணக்கே கூடாது என்று 2024-இல் சட்டம் போட்டார்கள், பேப்பரில் படித்தேன். ஆனால் பூட்டுவதை மட்டும் நம்பாதே. நீ பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் ஞாபகம் இருக்கிறதா? பென்டிரைவில் படம் ஏற்றிப் பார்க்கிறாய் என்று மூன்று மாதம் பீரோவில் பூட்டினேன். பேட்டரி செத்ததுதான் மிச்சம். நீ பக்கத்து வீட்டுக்குப் போய் அதே படத்தைப் பார்த்திருக்கிறாய். உன் கல்யாணத்தன்று அந்த வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது!

அப்புறம், உன் பன்னிரண்டும் பிள்ளைகளுக்கு மட்டும்தானா? ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸப் குழுவில் வீட்டுப்பாடம் போடுகிறீர்கள். இங்கே பல வீட்டில் ஒரே போன். அது அப்பாவோடு நெல் குவியலுக்குக் காவல் போயிருக்கும், இல்லாவிட்டால் அம்மாவோடு நடவுக்குப் போயிருக்கும். மறுநாள் பிள்ளை திட்டு வாங்கும். வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் என்ன குறைந்துவிடும்? ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஆடினால் அரை மணி நேரத்தில் டீச்சர்கள் ஸ்டேட்டஸில் படம் வந்துவிடுகிறது. 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது வரைக்கும் குழந்தைதான், அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று நீதானே எனக்குப் பாடம் எடுத்தாய்? அதை டீச்சர்களுக்கும் ஒரு விதியாக எழுது. உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குழந்தைக்குப் போனைக் காட்டித்தான் சோறு ஊட்டுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார்.

ஏஐ-யில் எழுதிக்கொண்டு வருவதற்கும் ஒரு ‘கூடாது’ போட்டிருக்கிறாய். இங்கே எட்டாவது பையன் ஒருவன் லீவு லெட்டர் கொண்டுவந்தான். ‘தவிர்க்க இயலாத குடும்பப் பொறுப்புகளின் காரணமாக’ என்று ஆரம்பம். தமிழ் ஐயா அதைக் கையில் வைத்துக்கொண்டு, “என்னடா பொறுப்பு?” என்றார். “ஆடு குட்டி போட்டுச்சுங்கய்யா. மூணு குட்டி. ஒண்ணு மூச்சு விடல, நான்தான் வாயில ஊதினேன்” என்றான். ஐயா அந்தக் காகிதத்தைத் திருப்பி, “இதை எழுது, லீவு தருகிறேன்” என்று பின்பக்கத்தில் எழுத வைத்தார். ஒரு பக்கம் எழுதினான், சந்திப் பிழையோடு. தண்டனையா, பாடமா, எனக்குத் தெரியவில்லை. நீ அந்த விதியை எழுதும்போது ஐயாவை நினைத்துக்கொள்.

திருத்தியதும் எனக்கு அனுப்பு, இந்தத் தடவை எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். பஸ் பார்சலில் சீரகச் சம்பா ஐந்து கிலோ போட்டிருக்கிறேன், கூடவே குழந்தைக்குப் பொருள்விளங்காய் உருண்டை. அப்பா இப்போதுதான் பேசினார். ஈரப்பதம் 19 காட்டுகிறதாம், நாளைக்கு வெயில் அடித்தால் பார்க்கலாம் என்றார்.

அன்புடன்,
அம்மா