ஃபிரீசர் கதவில் குறிப்பு ஒட்டியவருக்கு நன்றி

மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக நுணுக்குக்காட்டியில் பார்க்கும் எங்கள் ஒற்றை மூலக்கூற்று ஆய்வுகூடத்தின் ஃபிரீசர் கதவில் பெயரிடாமல் குறிப்பு ஒட்டிவைத்தவருக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

மைனஸ் 20 பாகையிலிருந்து எடுத்த பெக் (கண்ணாடியில் புரதம் ஒட்டாமல் தடுக்கும் பூச்சான பொலிஎதிலீன் கிளைக்கோல்) குப்பியை உடனே திறக்காமல் அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள் என்றீர்கள். கொழும்பின் ஈரக்காற்றில் இதைவிடப் பெறுமதியான அறிவுரை கிடையாது. குளிர்ந்த தூளில் நீர் படிந்தால் அதைக் கண்ணாடியோடு பிணைக்கும் என்எச்எஸ் எசுத்தர் என்ற தொகுதி நீர்ப்பகுப்படைந்துவிடும். பிறகு பெக் கண்ணாடியில் பிணையாது. மூடாத இடங்களில் புரதம் ஒட்டி, நுணுக்குக்காட்டியில் பொய்ப்புள்ளிகள் ஒளிரும்.

கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் தகட்டை 1 மோலார் பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் கழுவி, பெக் பிணைவதற்கான அமீன் தொகுதிகளைத் தரும் அமினோசிலேன் பூசியபின், பெக்கை பிஎச் 8.5 உள்ள 0.1 மோலார் சோடியம் இருகாபனேற்றில் கரைத்த கையோடு இடவேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது. ஆராயும் மூலக்கூறைப் பிடித்துவைக்க உதவும் பயோட்டின் பெக், மொத்தப் பெக்கில் சில சதவீதம் போதும்.

புரதம் விடுமுன், மாதிரி பாயும் வெற்று வாய்க்காலை நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொன்ன கடைசி வரிதான் பேருதவி: பொய்ப்புள்ளிகள் கண்ணாடியில் ஏற்கெனவே இருந்தவையா, புரதம் விட்டபின் வந்தவையா என்பது தெரிந்துவிடுகிறது.