டோலிகஞ்ச் – பாலிகஞ்ச் டிராமை மறுபடி ஓடவிடக் கோரி மனு

அனுப்புநர்:
டிராம் பயணி,
லேக் மார்க்கெட் பகுதி, கொல்கத்தா.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
போக்குவரத்துத் துறை, மேற்கு வங்க அரசு,
கொல்கத்தா.

பொருள்: ராஷ்பிகாரி அவென்யூ வழியாக டோலிகஞ்ச் – பாலிகஞ்ச் இடையே ஓடிய 24/29 எண் டிராமை மீண்டும் இயக்கவும், கரியாஹாட் – எஸ்பிளனேடு 25 எண் டிராமை அன்றாட வண்டியாகவே வைத்திருக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் நாங்கள். மனதில் இருப்பது தமிழில்தான் சரியாக வருகிறது. அதனால் தமிழிலேயே எழுதி, பக்கத்து வீட்டுக்காரர் செய்து தந்த வங்காள மொழிபெயர்ப்பையும் இணைத்திருக்கிறேன்.

என் அம்மாவுக்கு 81 வயது. கல்யாணமாகி கும்பகோணத்திலிருந்து இந்த ஊருக்கு வந்தவர். டாக்டர் வீடு, துணிக்கடை, சொந்தக்காரர் வீடு என எங்கே போவதென்றாலும் டிராம்தான். லேக் மார்க்கெட்டில் ஏறுவார், கரியாஹாட்டில் இறங்குவார். தேவைப்பட்டால் அங்கே 25-இல் மாறி எஸ்பிளனேடு போவார். முன்பெட்டியில் மின்விசிறி உண்டு, ஆனாலும் காசு குறைவு என்று இரண்டாம் வகுப்பான பின்பெட்டியில்தான் உட்காருவார். கண்டக்டர் ஒருவருக்கு அம்மாவை நன்றாகத் தெரியும். மணிக்கயிற்றை இழுப்பதற்கு முன்னால், கிழவி உட்கார்ந்தாச்சா என்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையை நம்பித்தான் அம்மா தனியாகக் கிளம்புவார். ஒருநாள் தேசப்பிரியா பார்க் அருகே மேலே கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் டிராலிக் கோல் கழன்று வண்டி நின்றுவிட்டது. அதே கண்டக்டர் இறங்கிப் பின்னால் போய், கயிற்றைப் பிடித்து அண்ணாந்து பார்த்தபடி அதை மறுபடி கம்பியில் மாட்டினார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அம்மா வீட்டுக்கு வந்து அதைக் கதையாகச் சொன்னார்.

அந்த வண்டி நின்றதிலிருந்து அம்மாவின் வெளியுலகம் எங்கள் தெருவோடு முடிந்துவிட்டது. அவர் நடக்க முடியாதவர் இல்லை, ஓடிப்போய் ஏற முடியாதவர். பஸ் முழுதாக நிற்பதற்குள் ஏற வேண்டும், முழுதாக நிற்பதற்குள் இறங்க வேண்டும். ஆட்டோவில் நான்கு பேரோடு நெருக்கி உட்கார அவர் முழங்கால் இடம் தராது. டாக்ஸிக்கு ஒவ்வொரு முறையும் கொடுக்க எங்களிடம் காசு இல்லை.

2024 செப்டம்பரில், மைதானம் – எஸ்பிளனேடு பாதையில் மட்டும் பாரம்பரியச் சின்னமாக டிராம் ஓடும், மற்றவை நிறுத்தப்படும் என்று அரசுத் தரப்பில் அறிவிக்கப்பட்டது. சுற்றுலா வருபவர்களுக்கு அது போதும். ஆனால் என் அம்மா சுற்றுலா போகவில்லை. 1873-இல் சியால்தாவிலிருந்து குதிரை இழுத்த டிராம் புறப்பட்டதும், 1902-இல் மின்சார டிராம் வந்ததும் பெருமைதான். அந்தப் பெருமை டிக்கெட் வாங்கி ஏறிய ஜனங்களால் வந்தது. 1953-இல் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசா ஏறியதற்கே இந்த நகரம் தெருவில் இறங்கியது. பின்பெட்டி ஜனங்களுக்கு டிராம் என்னவாக இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சாலை குறைவு, டிராமால் நெரிசல் என்கிறார்கள். ராஷ்பிகாரி அவென்யூவில் டிராமுக்கென்று நடுவில் தனித்தடம் இருந்தது. அதை எடுத்துவிட்டு, கார்களோடு கார்களாக டிராமை நகரவிட்டார்கள். தடத்தின்மேல் கார் நின்றால் டிராம் ஒதுங்கிப் போக முடியாது. அப்புறம் டிராம் மெதுவாகப் போகிறது என்று அதன்மேலேயே பழி. இது நியாயமில்லை ஐயா. ஒரு டிராமில் போகிறவர்களை எல்லாம் கார்களில் ஏற்றினால் எவ்வளவு சாலை வேண்டும் என்று கணக்குப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் சொந்த ஊர்ப் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். மதராஸில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது, கல்கத்தாவுக்கு முன்பே. 1953-இல் அது நின்றது. தண்டவாளமும் போயிற்று. இன்று அதே ஊரில் பெரும் செலவில் பூமியைத் தோண்டி மெட்ரோ போடுகிறார்கள். போன டிராம் திரும்பவே இல்லை. இங்கே இன்னும் தண்டவாளம் மண்ணில் கிடக்கிறது, வண்டிகள் டெப்போவில் நிற்கின்றன. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

ஆகவே, டோலிகஞ்ச் – பாலிகஞ்ச் தடத்தின்மேல் தார் போடாமல் அதைப் பழுதுபார்த்து, முதலில் காலையிலும் மாலையிலுமாவது வண்டி விட வேண்டும். எத்தனை மணிக்கு வரும் என்று நிறுத்தத்தில் ஒரு பலகை வையுங்கள். எப்போது வரும் என்று தெரியாத வண்டிக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள், பிறகு கூட்டமில்லை என்று சொல்வதில் பொருளில்லை. இன்னொன்று, நடுச்சாலையில் இறங்கும் இடங்களில் உயர்த்திய மேடையோ, வண்டி நிற்கும்போது மற்ற வாகனங்களை நிறுத்தப் போலீஸ்காரர் ஒருவரோ வேண்டும். போன தடவை அம்மா இறங்கிக் காலை ஊன்றும்போது இடப்பக்கம் ஒரு பைக் உரசிக்கொண்டு போயிற்று. கையிலிருந்த மருந்துப் பை ரோட்டில் சிதறியது. மாத்திரைகளை நானும் கண்டக்டரும் குனிந்து பொறுக்கினோம்.

தாங்கள் நேரில் விசாரிக்க விரும்பினால் எந்த நாளும் வரத் தயாராக இருக்கிறேன். அம்மாவும் வருவதாகச் சொல்கிறார், டிராமில் வர முடிந்தால்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லேக் மார்க்கெட் பகுதி டிராம் பயணி.

இணைப்பு: மனுவின் வங்காள மொழிபெயர்ப்பு.