வெஸ்ட்மீட் யூனிட் குறித்து மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ வாங்கப்போவதாக அனுப்பிய, சிட்னி வெஸ்ட்மீட் அடுக்குமாடி யூனிட்டின் விவரங்களை வரி விடாமல் வாசித்தேன். மூன்றாம் மாடி, இரண்டு படுக்கையறைகள், ஒரு குளியலறை, ஒரே ஒரு கார் நிறுத்துமிடம். உங்கள் இருவரிடமும் தனித்தனியாகக் கார் இருக்க, ஓரிடம் எப்படிப் போதும்?

சுற்றுப்புறத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரயில் நிலையம் பக்கம். கார்லிங்ஃபோர்டு வரை 2024 டிசம்பரில் தொடங்கிய லைட் ரயில் இருக்கிறது. பரமட்டா பூங்காவும், மேஸ் ஹில் முருகன் கோயிலும் தொலைவில்லை. இரவுப் பணி முடிந்து மருத்துவமனையிலிருந்து நீ நடந்தே வந்துவிடலாம் என்பதில் உன் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் ஆம்புலன்ஸ் ஓடும் பகுதியை அமைதியான சூழல் என்று விளம்பரக்காரர்தான் எழுத முடியும். ஒருநாள் இரவில் போய் நின்று பார்.

கட்டடத்தின் பொதுப் பராமரிப்புக்கு உரிமையாளர்கள் கட்டும் காலாண்டு ஸ்ட்ராட்டா கட்டணம் குறைவு என்று மகிழ்ந்து எழுதியிருக்கிறாய். எனக்கு அதுதான் உறுத்துகிறது. மூலதனப் பணிகளுக்கான நிதியில் போதிய பணம் சேராத கட்டடத்தில் கூரை ஒழுகினாலோ லிஃப்ட் பழுதானாலோ, உரிமையாளர்கள் எல்லோர் தலையிலும் சிறப்புக் கட்டணம் விழும். ஆகவே கட்டடத்தின் நிதிநிலையைச் சொல்லும் ஸ்ட்ராட்டா அறிக்கையைப் படிக்காமல் கையெழுத்திடாதே. சாதாரண விற்பனையென்றால் 5 வேலை நாட்களுக்குள், விலையில் 0.25 சதவீதத்தை இழந்து, விலகிக்கொள்ளலாம். ஏலத்தில் எடுத்தால் அந்த அவகாசமும் கிடையாது.

விலை 8 இலட்சம் டாலருக்குள் இருப்பதால், முதல் வீடு வாங்குபவர் என்ற முறையில் முத்திரை வரி இல்லை என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சலுகைக்கு, வாங்குபவர் மட்டுமல்ல, அவருடைய துணைவரும் முன்பு ஆஸ்திரேலியாவில் வீடு வைத்திருந்திருக்கக் கூடாது. மாப்பிள்ளை தம் அண்ணனோடு சேர்ந்து பிளாக்டவுனில் வீடு வாங்கியது உனக்குத் தெரியாததல்ல. எதையும் இரண்டுமுறை சரிபார்க்கும் நீ, இதைக் கவனிக்காமல் எழுதியிருப்பாய் என்று என்னால் நம்ப முடியவில்லை. வழக்கறிஞர் என்ன சொன்னார்?

கடிதம் முழுவதும் 'நான் வாங்குகிறேன்' என்றே எழுதியிருக்கிறாய். அதில் தவறில்லை; உன் சம்பாத்தியத்தில் வாங்கும் வீடு என்பதில் எனக்குப் பெருமைதான். இரண்டாவது அறையில் யாரும் தங்கப்போவதில்லை என்றால், அம்மா சில மாதங்கள் வந்து இருப்பாள். அதற்கு நீ காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்ட்ராட்டா அறிக்கை கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. ஒப்பந்தத்தில் வாங்குபவர் என்ற இடத்தில் யார் யார் பெயர் வரும் என்பதையும் எழுது.

அன்புடன்,
அப்பா