கேட்டலாக்ல மேல் தலைப்பு, கீழ் தலைப்பு ரெண்டும் தெரியணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மிருதங்கம் பத்தின புக்குக்கு நூலக கேட்டலாக்ல (புத்தகப் பட்டியல்ல) 'மிருதங்கம்'னுதான் பொருள் தலைப்பு குடுக்கணும், 'தாள வாத்தியங்கள்'னு பொதுவா குடுக்கக்கூடாது, இது 1876லயே அமெரிக்க நூலகர் சார்லஸ் கட்டர் எழுதி வெச்ச விதி, நல்ல விதிதான். ஆனா பொதுத் தலைப்புல தேடுற பிள்ளைங்க கண்ணுல அந்த புக்கு படாதே, அதுக்காகத்தான் ஒரு தலைப்புக்கு மேல விரிஞ்ச தலைப்பு எது, கீழ குறுகின தலைப்பு எதுன்னு இணைப்பு குடுக்குறாங்க, அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தோட பொருள் தலைப்புப் பட்டியல்ல இது 1980கள்ல இருந்து தெளிவாவே இருக்கு. நம்ம சீர்காழியில பொறந்த நூலக அறிஞர் ரங்கநாதன் குறுகினதுல இருந்து விரிஞ்சதுக்குப் படிப்படியா ஏறுற சங்கிலி முறையையே உருவாக்கினவர். அப்படியிருந்தும் நான் பாக்குற ஆன்லைன் கேட்டலாக்ல வெறும் தேடல் பெட்டி மட்டுந்தான் இருக்கு, ரொம்ப வருத்தமா இருக்குங்க. தலைப்பைத் தொட்டா மேலயும் கீழயும் போற மாதிரி நூலகத்துறை தயவுசெஞ்சு மாத்திக் குடுக்கணும்.

இப்படிக்கு,
ஒரு நூலக வாசகர்