பழைய மரம்னு சொல்லிட்டு பழைய மரத்தோட படத்தை ஒட்டிட்டு போயிருக்கீங்க – புகார்

வணக்கம்,

எங்க ஆபீஸ் இன்டீரியர் வேலையை முடிச்சு நீங்க சாவி குடுத்து ஆறு வாரம் ஆகுது. இதுக்குள்ள மூணு தடவை ஃபோன் பண்ணிட்டேன், ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆள் எடுக்கறாங்க, நான் முதல்ல இருந்து எல்லாத்தையும் சொல்ல வேண்டியிருக்கு, பார்த்துட்டு கூப்பிடறோம்னு வெச்சுடறாங்க, ஒருத்தரும் கூப்பிடல. அதனால எழுத்துல அனுப்பறேன். யார் கைக்கு இது வருதோ அவங்க தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

எங்க பழைய ஆபீஸ்ல 14 டேபிளும் 6 கதவும் இருந்துச்சு, எல்லாம் கெட்டி மரம். நாங்க ஆரம்பிச்சப்ப செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, அதுல உக்காந்துதான் இந்த கம்பெனியே வளர்ந்துச்சு. உங்க டிசைனர் தம்பி வந்து ஒவ்வொண்ணா தட்டிப் பார்த்துட்டு, "சார் இதை விட்றாதீங்க, டேபிளை எல்லாம் பிரிச்சு சேர்த்து ஒரே பெரிய மீட்டிங் டேபிளா பண்ணிடலாம், கதவை கேபின் தடுப்பா நிறுத்திடலாம், கீறலைக் கூட இழைக்காம அப்படியே விடலாம்"னு சொன்னார். அன்னைக்கு எங்க டீமே சந்தோஷப்பட்டுச்சு. வேற ரெண்டு கம்பெனி சீக்கிரம் முடிச்சு தரேன்னு சொல்லியும் உங்களைத் தேர்ந்தெடுத்ததுக்கு அந்த ஒரு பேச்சுதான் காரணம்.

சாவி வாங்கின அன்னைக்கு மீட்டிங் டேபிளை பார்த்து நானே ஏமாந்துட்டேன், அவ்ளோ அழகா இருந்துச்சு. மூணாவது வாரம் ஒரு சேர் இடிச்சு ஓரத்துல ஒட்டியிருந்த பட்டி பிரிஞ்சு வந்துச்சு, உள்ள பார்த்தா பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளை பசை போட்டு அழுத்தின பலகை. அதுக்கப்புறம் மேல உத்துப் பார்த்தோம், ஒரே மரக்கணு, பக்கத்துல ஒரே ஆணி ஓட்டை, அதே அளவு, அதே இடைவெளில நாலு இடத்துல திரும்பத் திரும்ப வருது. பழைய பலகையை போட்டோ எடுத்து பிரிண்ட் பண்ணி மேல ஒட்டற லேமினேட் ஷீட் அது. எங்க டேபிளும் கதவும் எங்கன்னு கேட்டதுக்கு உங்க சூப்பர்வைசர் சொன்ன பதில், "அதுல ஆணி ஜாஸ்தி சார், ரம்பம் பிளேடு போயிடும்னு குப்பை வண்டில ஏத்திட்டோம்". இதை கேட்டதும் எனக்கு பேச்சே வரல.

பழைய மரம்னா ஆணி இருக்கத்தான் செய்யும். மெட்டல் டிடெக்டர் வெச்சு தேடி ஒவ்வொண்ணா புடுங்கிட்டு, ஈரப்பதம் பார்த்து, அப்புறம்தான் ரம்பத்துல விடணும், அந்த வேலையை செய்யத்தானே உங்களைக் கூப்பிட்டோம். முடியலைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே வேற ஆசாரியை வெச்சு பண்ணியிருப்போம். கேட்காம எங்க பொருளை தூக்கிப் போட உங்களுக்கு என்ன உரிமை இருக்கு?

பார்ட்டிகிள் போர்டும் மரத்தூள்ல செய்யறதுதான், அதுவும் ரீசைக்கிள்தான்னு ஃபோன்ல ஒருத்தர் வாதாடினார். சரி, அப்ப அதுல எத்தனை சதவீதம் ஃபேக்டரில மிச்சமானது, எத்தனை சதவீதம் ஜனங்க யூஸ் பண்ணி முடிச்ச பொருள்னு எழுதிக் குடுங்க. ரீசைக்கிள் மாதிரி சுற்றுச்சூழல் விஷயத்தை கம்பெனிங்க சொல்லிக்கறதுக்கான சர்வதேச தரம் ஐஎஸ்ஓ 14021, அது இந்த ரெண்டையும் தனித்தனியாத்தான் பார்க்குது. அதோட அந்த மீட்டிங் ரூமுக்குள்ள போனாலே கண்ணு எரியுது, ரெண்டு பேருக்கு தலைவலி வருது. இந்த மாதிரி போர்டுல இருக்கற பசைல இருந்து ஃபார்மால்டிஹைட் வெளிய வரும், புத்துநோய் வர வைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆராய்ச்சி அமைப்பு 2004லயே வகைப்படுத்தின வாயு அது. நீங்க போட்ட போர்டு ஈ1 தரமா, அதாவது ஃபார்மால்டிஹைட் கம்மியா வெளிய விடற ரகமா இல்லையான்னு நாலு நாள் முன்னாடி மெயில் போட்டேன், இன்னும் பதில் இல்லை.

அடுத்தது ரிசப்ஷன் சுவர். இங்க நிஜமாவே சரக்கு அடுக்கி ஏத்தற பழைய பேலட்டோட பலகை போட்டிருக்கீங்க, அதை ஒத்துக்கறேன், ஆனா எந்த பேலட்னு பார்த்தீங்களா? ஓரத்துல ரெண்டு பலகைல கோதுமைக் கதிர் படத்தோட எம்பின்னு முத்திரை இருக்கு. எம்பின்னா மெத்தில் புரோமைடு புகை போட்ட மரம், ஓசோன் படலத்தையே கெடுக்கற விஷ வாயு. ஹெச்டின்னு இருக்கணும், அதாவது மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரில குறைஞ்சது 30 நிமிஷம் சூடு பண்ணினது. பேலட் மரத்துல வேலை செய்யற யாரும் முதல்ல இந்த முத்திரையைத்தான் திருப்பிப் பார்ப்பாங்க, உங்க ஆளுங்க அதை அறுக்கக்கூட இல்லாம வெளிய தெரியற மாதிரியே அடிச்சிருக்காங்க. முத்திரையே இல்லாத மத்த பலகைங்க எங்க இருந்து வந்துச்சு, அது மேல என்ன கொட்டியிருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. அதுல குண்டூசி அளவு ஓட்டைங்க வந்திருக்கு, காலைல தரைல மாவு மாதிரி பொடி கொட்டிக் கிடக்குது, துடைச்சா மறுநாள் திரும்ப கிடக்குது. உள்ள வண்டு உயிரோட இருக்குன்னு அர்த்தம். இது மத்த மரத்துக்கும் பரவினா என்ன பண்றது?

நல்லா செஞ்சதையும் சொல்லிடறேன், பழைய பாட்டில் கண்ணாடியை உடைச்சு சிமென்ட்ல பதிச்ச கவுண்டர் டாப் அருமையா வந்திருக்கு, வர்றவங்க எல்லாம் தொட்டுப் பார்க்கறாங்க. அதை செஞ்ச அண்ணனுக்கு நன்றி. பிளாஸ்டிக் பாட்டில்ல செஞ்ச ஃபெல்ட் பேனலும் நிஜமானதுதான், ஆனா 12 எம்எம் பேசிட்டு 9 எம்எம் ஒட்டியிருக்கீங்க, பின்னாடி இடைவெளி விடாம சுவரோட சுவரா ஒட்டினதால எதிரொலி பெருசா குறையல.

எங்களுக்கு வேண்டியது பழசு மாதிரி தெரியற ஆபீஸ் இல்லை. இருக்கற பொருளை வீணாக்காம, புதுசா ஒரு மரம் வெட்டாம செய்யணும்னுதான் நாலு மாசம் காத்திருந்தோம். இப்ப எங்க 14 டேபிளும் குப்பைல, அதுக்கு பதிலா புது போர்டு, புது பிளாஸ்டிக் லேமினேட்.

பேலட் சுவரை இந்த வாரமே கழட்டி எடுத்துட்டு போங்க, வண்டு பரவறதுக்கு முன்னாடி. டேபிளும் கதவும் எந்த வண்டில எங்க போச்சுன்னு எழுத்துல சொல்லுங்க, அங்க இன்னும் கிடந்தா நாங்களே போய் எடுத்துக்கறோம், ஆணியோடயே குடுங்க. கிடைக்கலைன்னா நிஜமான பழைய மரத்துல, எங்க இருந்து வந்துச்சுங்கற பேப்பரோட, அதே அளவுல ஒரு டேபிள் செஞ்சு குடுங்க, இல்லைன்னா மீட்டிங் ரூமுக்கு வாங்கின முழு பணத்தையும் திருப்பி குடுங்க. பேனலையும் பேசின அளவுல மாத்தணும். பிரிஞ்ச ஓரம், முத்திரை, தரைல கொட்டின பொடி எல்லாத்தோட போட்டோவும் இதோட இணைச்சிருக்கேன். 10 நாளுக்குள்ள பொறுப்பான ஒருத்தர் நேர்ல வந்து பார்க்கலைன்னா நுகர்வோர் கோர்ட்டுக்கு போறதைத் தவிர எங்களுக்கு வேற வழி இல்லை.

இப்படிக்கு,
உங்களை நம்பி வேலை குடுத்த வாடிக்கையாளர்