மூர்த்திக்கு, நாலு மாசம் தாமதமாக

டேய் மூர்த்தி,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் போட்டாயிற்று என்று வைத்துக்கொள். திட்டுவதையும் முதலிலேயே திட்டிவிடு. அப்பா காரியத்துக்கு வரவில்லை, வாட்ஸ்ஆப்பில் ரெண்டு வரி போட்டதோடு சரி, அப்புறம் நாலு மாசமாக உன் பேரைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். லீவு கிடைக்கவில்லை என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய், அதனால்தான் எழுதவில்லை.

போன வாரம் நியூ ஆர்லியன்ஸ் போயிருந்தோம். ஹூஸ்டனிலிருந்து காரில் ஆறு மணி நேரம். வீட்டுக்காரியின் சிநேகிதி வீட்டுக் கல்யாணம், எனக்குச் சாப்பிடுவதைத் தவிர வேலையில்லை. சனிக்கிழமை காலையில் ட்ரெமே பக்கம் சும்மா நடந்துகொண்டிருந்தபோது ஒரு சாவு ஊர்வலம் வந்தது. முன்னால் மார்பில் பட்டை, கையில் தொப்பியோடு ஒருவர், ஒரு காலை வைத்து, நின்று, அப்புறம் மறு கால். பின்னால் பேண்டு: ட்ரம்பெட், டிரம்போன், உடம்பைச் சுற்றி மலைப்பாம்பு மாதிரி சூசாஃபோன், கடைசியில் ஒரு கிழவர் கையில் கிளாரினெட். போகும்போது இழுத்து இழுத்து அழுகிற பாட்டு. உடலைப் பிரிந்ததும் டிரம்காரர் ஓர் உருட்டு உருட்டினார், அவ்வளவுதான், குடையை விரித்துக்கொண்டு ஊரே ஆடுகிறது. பின்னால் சேருகிற கூட்டத்துக்கு செகண்ட் லைன் என்று பேர், யார் வேண்டுமானாலும் சேரலாம். கட்டை சேகர் இருந்திருந்தால் சட்டையைக் கழற்றிச் சுற்றியிருப்பான். நானும் கொஞ்ச தூரம் போனேன். கிழவர் கிளாரினெட்டை வாயில் வைத்ததும் என்னால் நடக்க முடியவில்லை, ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டேன். இத்தனைக்கும் செத்தது யார் என்றுகூடத் தெரியாது.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. பட்டி போல்டன் என்று ஒருவர், 1877ல் பிறந்தவர், 1900 வாக்கில் அந்த ஊர் பேண்டு மாஸ்டர்களுக்கெல்லாம் ராஜா. கார்னெட், அதுதான் ட்ரம்பெட்டின் தம்பி மாதிரி ஒரு வாத்தியம், அவர் அதை ஊதினால் மைல் கணக்கில் கேட்கும் என்பார்களாம். நம்மூர்க்காரர்கள் அளக்கிற அதே அளவுதான், ஆனாலும் நம்பத் தோன்றுகிறது. 1907ல் புத்தி பேதலித்துவிட்டது, முப்பது வயதுகூட முடியவில்லை. ஜாக்சன் என்கிற ஊரில் மனநல விடுதியில் சேர்த்தார்கள், 24 வருஷம் அங்கேயே இருந்து 1931ல் செத்துப்போனார். ஜாஸை ஆரம்பித்து வைத்தவர் என்று பேர், ஆனால் அவர் ஊதியதில் ஒரு நொடிகூட நம்மிடம் இல்லை. மெழுகு உருளை ஒன்றில் பதிந்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு, இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. புதைத்த இடமும் சரியாகத் தெரியாது. ஹோல்ட் கல்லறைத் தோட்டம், ஏழைகளைப் புதைக்கிற இடம். மற்ற இடங்களில் தரைக்கு மேலே வீடு மாதிரி கல்லறை கட்டியிருக்கிறார்கள், இங்கே வெறும் மண், கையால் எழுதிய பலகைகள். போல்டனுக்குப் பிற்காலத்தில் ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் அரைமணி நேரம் நின்றேன். இவள் காரில் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தாள்.

இன்னொரு கார்னெட்காரர் ஃப்ரெடி கெப்பர்டு. தன் வித்தையை யாரும் திருடிவிடக் கூடாதென்று விரல் மேல் கைக்குட்டையைப் போட்டு மூடிக்கொண்டு ஊதுவாராம், அதனாலேயே இசைத்தட்டும் வேண்டாம் என்றுவிட்டார் என்று ஒரு கதை. கடைசியில் 1917ல் வெள்ளைக்காரப் பையன்கள் ஐந்து பேர் முதல் ஜாஸ் தட்டு வெளியிட்டுப் பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். யார் ஞாபகம் வருகிறது சொல். டேப் ரெக்கார்டரைக் கண்டாலே ரீடைக் கழற்றிப் பையில் போடுகிற மனுஷன்.

கிங் ஆலிவர் என்று இன்னொரு கார்னெட்காரர், அவர் கதை இன்னும் மோசம். பிற்காலத்தில் ஜாஸில் பெரிய பேர் வாங்கிய லூயி ஆம்ஸ்ட்ராங்கை 1922ல் சிகாகோவுக்குக் கூப்பிட்டுத் தன் பேண்டில் சேர்த்துக்கொண்டவர், ஈறு கெட்டு ஊத முடியாமல் போய், 1938ல் சவானாவில் சாகும்போது ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தைப் பெருக்குகிற வேலையில் இருந்தார். ரொட்டிக்குள் சர்க்கரை வைத்துச் சாப்பிடுவதில் பிரியமாம். நீயும் மாத்திரையைப் போட்டுக்கொண்டே ஜாங்கிரி தின்கிறவன், பல் டாக்டரிடம் போ. அப்பா பல் போன பிறகு கிளாரினெட்டைத் துடைத்துத் துடைத்துப் பெட்டியில் வைப்பாரே, அதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்கா கல்யாணத்து கேசட், நான் பந்தியில் பெஞ்சுக்கு அடியில் ஒளித்து வைத்துப் பதிந்தது, காணோம் என்று வீட்டையே புரட்டினீர்களே, அது என்னிடம்தான் இருக்கிறது. ஹாஸ்டலுக்கு எடுத்துப் போய், ஏ பக்கத்தில் சினிமாப் பாட்டு பதிந்துவிட்டேன். முழுப் பக்கம், முப்பது நிமிஷம். வெட்கத்தில் சொல்லவேயில்லை. காரியத்துக்கு வந்தால் அம்மா முகத்தைப் பார்த்து உளறிவிடுவேன் என்றும் பயம்.

பி பக்கம் பிழைத்திருக்கிறது, பதினோரு நிமிஷம். இங்கே ஒரு கடையில் கொடுத்து ஃபைலாக மாற்றியாயிற்று, இதோடு அனுப்புகிறேன். முதலில் நீ மட்டும் கேள், அம்மாவுக்கு அப்புறம் போட்டுக் காட்டலாம். அப்பா ஏழாவது நிமிஷத்தில் மேலே போய் ஒரு இடத்தில் நிற்கிறார். சரியாக அங்கேதான் சேகர் 'ரசம் எங்கடா' என்று கத்துகிறான்.

உன்
ராஜு